கழகத்துக் கொப்பி

முதல் கூட்டத்தில் இரண்டு மணித்தியாலம்
எழுத்துக்கே போயிற்று:
கணனியா, கணினியா?
வாக்கெடுப்பில் ஐந்துக்கு ஐந்து.
பலகையில் கணனி, இறப்பர் முத்திரையில் கணினி
எனத் தீர்மானம்.
முன்மொழிந்தவர் நவ்ஷாட். வழிமொழிந்தது மஸ்கெலியாக் குளிர்.

அப்போது எங்களிடம் அது ஒன்றுகூட இல்லை.

தொண்ணூற்றாறில் வந்தது,
கொழும்பில் ஒரு வங்கி கழித்துப்போட்டது.
திரையைக் கம்பளியில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு வந்தான் கிளாரன்ஸ்.
ஹட்டனில் கொண்டக்டர்
அதற்கும் ஒரு முழு டிக்கட் கிழித்தார்.
கொப்பியின் நாலாம் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது:
போக்குவரத்து, இரு நபர்.

அந்த வருஷம் மழை பொய்த்தது.
மவுசாக்கலை வற்றி
மூழ்கிய பழைய ஊரின் கோயில்
இடுப்பளவு வெளியே நின்றது.
ஊரைத் தின்ற தண்ணீர்
மின்சாரமாகிக் கீழே போய்விட
மேலே நாளுக்கு எட்டு மணித்தியாலம் இருட்டு.
மின்சார சபைத் திலகசிறி, அங்கத்தவர் இலக்கம் ஆறு,
வெட்டு நேரத்தைச் சிகரட் அட்டையில்
முதல்நாளே எழுதித் தருவார்.
அவருக்கு மட்டும் சந்தா இல்லை.

மழை வந்ததும் வேறு சனியன்.
மூடுபனி படியேறி வந்து உள்ளே உட்கார்ந்தது.
டிஸ்கெட்டுகளில் பூஞ்சணம்.
நவ்ஷாட்டின் ரேடியோக் கடை அலுமாரிக்குள்
நாற்பது வோட் பல்பை எரியவிட்டு
கருவாடு போல் அடுக்கினோம்.
மூன்று வருஷம் சீட்டு விளையாட்டும்
கலியாணக் கார்ட்டும்தான் நடந்தது.
சாமிமலை மாப்பிள்ளையின் பெயரில்
ஒரு கொம்பு குறைந்துபோய்
ஐந்நூறையும் பேனையால் திருத்தினோம்.

அங்கத்தவர் இலக்கம் பதினேழு பூவாயி.
மேற்பிரிவு மலையில் கொழுந்து.
முப்பது ரூபாயோடு
ஒரு பால்மா டின்னையும் மேசையில் வைத்தாள்.
உள்ளே ஒரு வருஷத்துச் சம்பளத் துண்டுகள்.
"தெனமும் ஈரத்துக்கு ரெண்டு கிலோ வெட்டுறாங்க.
வெயில்லயும் அதே ஈரமா?
இந்தப் பொட்டிக்குக் கூட்டத் தெரியுமா?"

பிறகு லயம் லயமாக டின்கள் வந்தன.
நூற்றெண்பத்தேழு பேர், பன்னிரண்டு மாதம்.
அவள் வாசிக்க, கிளாரன்ஸ் தட்ட,
ஒன்பது சனிக்கிழமை.
நாள்களை எண்ணி இரண்டால் பெருக்கு,
அவ்வளவுதான் கணக்கு.
கடைசி வரியில் பெட்டி காட்டியது

########

"பழுதா?" என்றார் நவ்ஷாட்.
பழுதில்லை.
தாளுக்குள் அடங்கட்டும் என்று
நாங்கள் ஒடுக்கிய கட்டத்தில்
எண் அடங்கவில்லை.
கோட்டைப் பிடித்து
ஒரு விரலகலம் இழுத்தான் கிளாரன்ஸ்.

ஒரு லட்சத்து நாலாயிரத்து எழுபத்தாறு கிலோ.

'சபையில் அமைதி நிலவியது' என்று
குறிப்பில் எழுதியிருக்கிறேன். பொய்.
பூவாயி கேட்டாள்:
"இவ்வளவு ஈரம் இருந்திருந்தா
மவுசாக்கலை ஏன் வத்துச்சு?"

பெரட்டுக் களத்தில் அந்தத் தாளை ஒட்டினார்கள்.
வெட்டு நின்றது.
ஐந்து மாதம்.

ஆறாம் மாதம் தோட்டத்து ஒபிசுக்கு
புதுக் கணனி வந்தது, பெட்டி உடைக்காதது.
அதற்கு ஆள் வேண்டியிருந்தது.
எங்களைத் தவிர அந்தப் பக்கம்
யாருக்குத் தெரியும்?
கிளாரன்ஸ் போனான். எட்டாயிரம் சம்பளம்.
வீட்டில் இரண்டு தங்கச்சிமார்.
நானும் விண்ணப்பம் போட்டேன்,
இதைக் கொப்பியில் எழுதவில்லை.

புதுச் சம்பளத் துண்டில்
ஈரம் என்ற சொல் இல்லை.
'ஏனைய கழிவு' இருந்தது.
கட்டம் போதிய அகலத்தில் போட்டிருந்தான்.

கழகத்தை யாரும் கலைக்கவில்லை.
ஒரு சனிக்கிழமை கோரம் இல்லை,
அடுத்த சனிக்கிழமையும்.
நவ்ஷாட் அலுமாரியை விற்றார், பல்போடு.

கணக்கு மட்டும் மூடவேண்டியிருந்தது.
நிலுவை: கிளாரன்ஸ், ஏழு மாதம்.
முன்பணம்: பூவாயி, ஒரு மாதம்.
முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுக்க
மேற்பிரிவுக்கு ஏறினேன்.
வாங்கி, எண்ணி,
"துண்டு?" என்றாள்.
கை டின்னின் மூடியைத்
திறந்துகொண்டிருந்தது.